நாற்பது நிமிட விமானிகள்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் திருத்தாமல் தந்துள்ளேன்.)



செயலாளர் போன மாதம் போன் பண்ணி, "அண்ணாச்சி, எல்லாரும் கல்வி, சமுதாயம்னு பேசுறாங்க. நீங்க ஏதாவது வித்தியாசமாப் பேசுங்க" என்றார். வித்தியாசமாகப் பேச என்னிடம் ஒரே ஒரு சரக்குதான் உண்டு. பேங்க் வேலையிலிருந்து 2019-ல் விருப்ப ஓய்வு பெற்ற பிறகு, நான் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு விமானம் ஓட்டுகிறேன். கம்ப்யூட்டரில்தான்! பயப்பட வேண்டாம். (சிரிப்பு)

ஃப்ளைட் சிமுலேட்டர் என்று இதற்குப் பெயர். பேரப்பிள்ளைகள் வைத்திருக்கும் சுட்டுத்தள்ளும் விளையாட்டு மாதிரி அல்ல. உண்மை விமானத்தில் உள்ள அத்தனை கடிகாரங்களும் விசைகளும் திரையில் இருக்கும். காற்று அடித்தால் விமானம் ஆடும். தப்பாக இறக்கினால் சக்கரம் உடையும். மைக்ரோசாப்ட் கம்பெனி இதை 1982-லேயே வெளியிட்டுவிட்டது. 2020 ஆகஸ்டில் வந்த பதிப்பில்தான் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு உலகம் முழுவதையும் தரையில் விரித்துப் போட்டார்கள். அப்போதுதான் நம் தாமிரபரணியும் எனக்குத் திரையில் வந்தது.

நம் வாகைகுளம் விமான நிலையம் உங்களுக்குத் தெரியும். தூத்துக்குடி என்று பெயர் இருந்தாலும் நமக்கும் அதுதான் விமான நிலையம். நெடுங்காலம் அங்கே 1350 மீட்டர் ஓடுபாதைதான். இப்போது நீட்டி, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்திருக்கிறார்கள். அந்த ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. மேற்கே பார்த்து ஒரு சின்ன செஸ்னா விமானத்தைக் கிளப்பினால் மூக்கு நேராகப் பொதிகை மலையைக் காட்டும். பத்து நிமிடத்துக்குள் பாளையங்கோட்டை. அப்புறம் இடது பக்கம் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஆற்றைப் பிடித்துக்கொண்டே போனால் பாபநாசம். சுமார் 70 கிலோமீட்டர். செஸ்னா 172 மணிக்கு ஏறக்குறைய 220 கிலோமீட்டர் போகும். ஆக, போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். ஆடி மாதக் காற்று அடித்தால் போகையில் கொஞ்சம் கூடும், வருகையில் கொஞ்சம் குறையும். இந்த நாற்பது நிமிடக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் பேச்சே அதைப் பற்றித்தான்.

இப்போது கொஞ்சம் பின்னால் போகிறேன். 1981-லிருந்து 84 வரை இங்கே பி.எஸ்சி. இயற்பியல். நான் ஹாஸ்டல். எங்கள் வகுப்பில் அம்பாசமுத்திரத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து போகும் ஒருவன் இருந்தான். பெயர் வேண்டாம், அவனுக்குக் கூச்சம். நாங்கள் 'கேப்டன்' என்று கூப்பிடுவோம். பைலட் ஆக வேண்டும் என்று முதல் வருஷமே அறிவித்துவிட்டவன். பெர்னூலி தத்துவத்தைப் பேராசிரியர் நடத்திய அன்று அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! இறுதி ஆண்டில் அவன் அப்பா தவறிவிட்டார். பாத்திரக்கடை அவன் தலையில் விழுந்தது. பைலட் கதை அத்தோடு சரி.

மதிய இடைவேளையில் ஒரு கேரம் போர்டு இருந்ததே, நினைவிருக்கிறதா? விதி என்ன? ஜெயிச்சவன் உட்காரணும், தோத்தவன் எழுந்திரிக்கணும். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் ராத்திரி பத்து மணி வரை ஹாஸ்டலில் ஆடிப் பழகிய எங்களை யார் ஜெயிப்பது? வெளியூரிலிருந்து வந்து போகிறவர்கள் சாப்பாட்டு டப்பாவோடு சுற்றி நின்று வேடிக்கை பார்த்துவிட்டு மணி அடித்ததும் போய்விடுவார்கள். ஒரு நாள் உடற்கல்வி ஆசிரியர் வந்து பார்த்தார். "மத்தியானம் ஒரே ஒரு போர்டுதான். ஜெயிச்சாலும் எழுந்திரி, தோத்தாலும் எழுந்திரி" என்று சொல்லிவிட்டுப் போனார். திறமைக்கு மதிப்பில்லையா என்று நாங்கள் ஒரு வாரம் முணுமுணுத்தோம். அதில் முணுமுணுப்பு அதிகம் என்னுடையதுதான்.

சரி, சிமுலேட்டருக்கு வருகிறேன். தனியாகவே எவ்வளவு நாள் பறப்பது? இணையத்தில் சேர்ந்து பறக்கிறவர்கள் கூட்டம் கூட்டமாக இருக்கிறார்கள். வாட்சிம் என்ற வலையமைப்பு 2001-லிருந்து நடக்கிறது. ஒருவர் விமானி, இன்னொருவர் கட்டுப்பாட்டுக் கோபுரம், எல்லாம் சம்பளம் இல்லாத ஆர்வலர்கள். இவற்றோடு 'மெய்நிகர் விமானக் கம்பெனி' என்று சிறு குழுக்கள் உண்டு. கம்பெனி என்றால் கம்பெனிதான்: சின்னம், சீருடைப் படம், கால அட்டவணை, பதவி. பதவி உயர்வு எதை வைத்து? பறந்த மணி நேரத்தை வைத்து. அப்படி ஒரு குழுவில் நானும் சேர்ந்து சீக்கிரமே நிர்வாகத்தில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கென்ன, ஓய்வு பெற்றவன், நேரம் கொட்டிக் கிடக்கிறது. கேப்டனையும் நான்தான் சேர்த்துவிட்டேன். ஐம்பத்தெட்டு வயதில் அவன் முதல் முறையாக, படத்தில்தான் என்றாலும், தோளில் பட்டையோடு நின்றான்.

2021 மே மாதம். ஊரடங்கு. கடைகளெல்லாம் மூடிக் கிடந்தன, எல்லோரும் வீட்டில். குழுவில் உறுப்பினர் எண்ணிக்கை ஏறியது. பெயருக்கு இருப்பவர்களைக் கழிக்க வேண்டும் என்று நிர்வாகத்தில் பேச்சு வந்தது. மாதம் பத்து மணி நேரம் பறக்காதவர் நீக்கப்படுவார் என்று ஒரு விதி எழுதினோம். எழுதினோம் என்ன, எழுதியவன் நானே. பேங்க்கில் சுற்றறிக்கை எழுதிப் பழகிய கை!

ஊரடங்கு முடிந்து கடை திறந்தது. கேப்டன் ஒன்பது மணிக்குக் கடை அடைத்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டு உட்கார ஒன்பது இருபது ஆகும். பத்து மணிக்கு அவன் அம்மாவுக்கு மருந்து கொடுத்துப் படுக்க வைக்க வேண்டும். நடுவில் இருப்பது நாற்பது நிமிடம். அதில் கம்ப்யூட்டர் எழும்ப ஐந்து நிமிடம். சில நாள் உட்கார்ந்ததும் 'புதுப்பித்தல் தேவை' என்று ஒன்று ஓட ஆரம்பிக்கும், அது முடியும்போது மருந்து நேரம். பெரிய விமானத்தை முழுக்க அணைத்த நிலையிலிருந்து எழுப்பினால், அது தான் நிற்கும் இடத்தைத் தானே கணித்துக்கொள்ளவே பல நிமிடம் பிடிக்கும். சென்னைக்குப் போக ஒன்றரை மணி நேரம். ஆக அவன் கிளம்புவான், போய்ச் சேர மாட்டான். பாதியில் இணைப்பைத் துண்டித்தால் அந்தப் பறப்புக் கணக்கில் ஏறாது. மூன்றாவது மாதம் நீக்கப்பட்டோர் பட்டியல் வந்தது. தயாரித்தவன் நான். பட்டியலில் பெயர் கிடையாது, உறுப்பினர் எண் மட்டும். நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

எட்டு மாதம் கழித்து கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் சந்தித்தேன். "என்னவே கேப்டன், இப்ப எங்க பறக்கீரு?" என்றேன். இலையைப் பார்த்துக்கொண்டே, "என்னத்தப் பறக்க வே? நீருதான எறக்கி விட்டுட்டீரு" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்கு அதற்குமேல் பாயசம் இறங்கவில்லை.

அன்று முதல் இந்த விஷயத்தைத் துருவ ஆரம்பித்தேன். நான் கண்டதைச் சொல்கிறேன்.

முதலில், சிமுலேட்டர் என்ற பொருளே வசதி இல்லாதவனுக்காகப் பிறந்தது. அமெரிக்காவில் பிங்காம்டன் என்ற ஊரில் எட்வின் லிங்க் என்பவர் அப்பாவின் ஆர்கன் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். விமானம் கற்க ஆசை, ஆனால் பாடக் கட்டணம் தாங்கவில்லை. ஆர்கன் செய்யும் அதே காற்றுத் துருத்திகளை வைத்து, தரையிலேயே ஆடிச் சாயும் ஒரு பெட்டி விமானத்தை 1929-ல் செய்து முடித்தார். விமானப்படை அதைச் சீந்தவில்லை. கேளிக்கைப் பூங்காக்கள்தான் வாங்கின! 1934-ல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் கொண்டுபோகும் வேலையில் மோசமான வானிலையில் அடுத்தடுத்து மாண்ட பிறகுதான் ராணுவம் ஆறு பெட்டிகள் வாங்கியது. ஆக, பணமும் நேரமும் குறைந்தவனும் பறந்து பார்க்கட்டும் என்பதுதான் இதன் ஜாதகம். நாம்தான் அதற்குள் வருகைப் பதிவேட்டைக் கொண்டு வந்து வைத்தோம்.

இரண்டாவது விஷயம் எனக்கே அதிர்ச்சி. உண்மை விமானப் போக்குவரத்தில் என்ன விதி? லைசென்ஸ் வாங்க மணி நேரம் வேண்டும்தான். நம் நாட்டில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம். ஆனால் வாங்கிய பிறகு, ஒருவர் கை பழக்கத்தோடு இருக்கிறாரா என்று பார்க்க, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி என்ன கேட்கிறது தெரியுமா? கடந்த 90 நாளில் மூன்று முறை ஏற்றி, மூன்று முறை இறக்கியிருக்க வேண்டும். அவ்வளவுதான். அதையும் அங்கீகரித்த சிமுலேட்டரில் செய்யலாம். நூற்றைம்பது உயிரைக் கொண்டு போகிறவரிடம் மூன்று இறக்கம் கேட்கிறார்கள். காலி விமானத்தைக் கம்ப்யூட்டரில் ஓட்டுகிற பாத்திரக்கடைக்காரரிடம் நான் மாதம் பத்து மணி நேரம் கேட்டிருக்கிறேன்!

ஏன் இப்படி நேரத்தையே எண்ணுகிறார்கள் என்று பார்த்தால், அதில் கொஞ்சம் காசுக் கணக்கும் இருக்கிறது. 1980-களின் கடைசியில் அமெரிக்காவில் 'ஏர் வாரியர்' என்று தொலைபேசி வழியாகப் பலர் சேர்ந்து ஆடும் விமானச் சண்டை விளையாட்டு வந்தது. மணிக்கு இத்தனை டாலர் என்று கட்டணம். மணிக்கு வாடகை வாங்குகிறவன் உன்னைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவானா? இன்றைக்கு மணிக்கட்டணம் போய்விட்டது, வேறு உருவத்தில் அது இருக்கிறது. 'வார் தண்டர்' என்ற விளையாட்டில் நல்ல விமானம் கிடைக்க மாதக்கணக்கில் ஆட வேண்டும், அல்லது காசு கொடுத்து வழியைச் சுருக்கிக்கொள்ளலாம். 2023 மே மாதம் அதை ஆடுகிறவர்கள் பொறுக்க மாட்டாமல் திரண்டு விற்பனைத் தளத்தில் எதிர்மறை விமர்சனங்களைக் குவித்தார்கள். கம்பெனி இறங்கி வந்து சலுகைகளை அறிவித்தது. காசு இருக்கிறவன் நேரத்தை வாங்கிவிடுகிறான். இரண்டும் இல்லாதவன் வேடிக்கை பார்க்கிறான். கையில் சாப்பாட்டு டப்பா ஒன்றுதான் குறை.

இன்னொன்று. இது விமான விளையாட்டு அல்ல, ஆனாலும் சொல்ல வேண்டும். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்று 2004-ல் வந்த விளையாட்டின் சோதனைக் காலத்தில், அளவுக்கு மேல் ஆடினால் கிடைக்கும் புள்ளி பாதியாகக் குறையும்படி வைத்தார்கள். கொஞ்ச நேரம் ஆடுகிறவர் பின்தங்கக் கூடாது என்ற நல்ல எண்ணம். எல்லோரும் திட்டித் தீர்த்தார்கள், தண்டனை மாதிரி இருக்கிறது என்று. அவர்கள் என்ன செய்தார்கள்? கணக்கை மாற்றாமல் பெயரை மாற்றினார்கள். விளையாடாமல் ஓய்வெடுத்துவிட்டு வருகிறவருக்கு இரட்டிப்புப் புள்ளி, அது தீர்ந்தால் சாதாரணப் புள்ளி. விகிதம் அதேதான். திட்டியவர்களே வரவேற்றார்கள். நம் பேங்க்கில் இந்த மாதிரி ஒரு சுற்றறிக்கை எழுதத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை, என்னையும் சேர்த்து.

இந்தப் படிப்பெல்லாம் முடிந்து, நான் பழைய குழுவின் நிர்வாகத்திலிருந்து விலகினேன். விதியை மாற்றப் பார்த்தேன், வாக்கெடுப்பில் தோற்றேன். அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒருவர் கேட்டார்: "சார், நான் ராத்திரி முழுக்க முழிச்சு லண்டன் வரை போயிருக்கேன். அதுக்கு மதிப்பே இல்லையா?" மதிப்பு உண்டு. அது அவருடைய பதிவேட்டில் இருக்கட்டும். இன்னொருவர் உள்ளே இருக்கலாமா வேண்டாமா என்பதை அது தீர்மானிக்கக் கூடாது என்றேன். அவருக்கு அது திருப்தியாக இல்லை. இன்று வரை இல்லை.

நம் கல்லூரியில் படித்த ஏழெட்டுப் பேர் சேர்ந்து சனிக்கிழமை தோறும் ஒரு பறப்பு ஆரம்பித்தோம். கேப்டனைக் கூப்பிட நான் அம்பைக்கே போனேன். கடையில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தான், பதில் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் தானாக வந்தான்.

எங்களுக்குள் வகுத்துக்கொண்டது இதுதான். ஒன்பது இருபதுக்கு எல்லோரும் வாகைகுளத்தில் எஞ்சின் ஓடுகிற நிலையில் நிற்க வேண்டும். அணைத்த நிலையிலிருந்து எழுப்ப ஆசைப்படுகிறவர் முன்னாலேயே வந்து எழுப்பிக்கொள்ளலாம். பாபநாசம் போய்த் திரும்பி வந்து இறங்க வேண்டும். தாமதமாக வருகிறவர் பாளையங்கோட்டைக்கு மேலே வானத்திலேயே சேர்ந்துகொள்ளலாம், சிமுலேட்டரில் அந்த வசதி எப்போதுமே உண்டு. பாதியில் எழுந்து போக வேண்டியவர் அந்த இடத்திலேயே பறப்பைச் சேமித்து வைத்து, அடுத்த வாரம் அங்கிருந்தே தொடரலாம். மதிப்பெண் இறக்கத்துக்கு மட்டும்தான்: கடைசி 90 நாளில் செய்த இறக்கங்களில் சிறந்த மூன்று. வாரம் தவறாமல் வந்தவருக்கும் மூன்று, நாலு முறை வந்தவருக்கும் மூன்று. வாரம் தவறாமல் வந்தவருக்குத் தேர்ந்தெடுக்க அதிகம் இருக்கும், அது அவர் உழைப்புக்குக் கூலி. புதுப்பித்தல் வந்தால் வெள்ளிக்கிழமையே குழுவில் ஒருவர் எல்லோருக்கும் செய்தி அனுப்பிவிடுவார். சின்ன வேலை, ஆனால் இந்த ஒன்றினால்தான் ஆள் குறையாமல் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எங்கள் குழுவில் நமக்குப் பல வருஷம் பின்னால் படித்த தங்கை ஒருவர் இருக்கிறார், பள்ளி ஆசிரியை. அவர் வந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. கேப்டனுக்கு நாற்பது நிமிடம் சேர்ந்தாற்போல் கிடைக்கிறது. அந்தத் தங்கைக்கு நாற்பது நிமிடம் எட்டு எட்டு நிமிடமாகத்தான் கிடைக்கிறது. பையன் கூப்பிடுவான், குக்கர் கூப்பிடும், மாமியார் கூப்பிடுவார். வாட்சிமில் முப்பது நிமிடத்துக்கு மேல் விமானத்தைக் கவனிக்காமல் விடக் கூடாது என்று விதி. பலர் சேர்ந்து பறக்கும் இடத்தில் அது தேவையான விதிதான். ஆனால் அவர் கேட்டது அதைவிடச் சின்னது: நினைத்த நேரத்தில் நிறுத்தி வைக்க ஒரு பொத்தான். எட்டுப் பேர் ஒன்றாகப் பறக்கையில் ஒருவருக்காக வானத்தை நிறுத்த முடியாதே! யோசித்து, நிறுத்தி வைத்தவருக்காக மற்றவர்கள் மணிமுத்தாறு அணையை ஒரு சுற்றுச் சுற்றி வருவது என்று வைத்துக்கொண்டோம். ஒரு சனிக்கிழமைக்கு இரண்டு சுற்றுக்கு மேல் கிடையாது. அதற்கு மேல் போனால் கேப்டனின் மருந்து நேரம் தாண்டிவிடும். ஒருவருக்குக் கொடுக்கிற நிமிடம் இன்னொருவர் கணக்கிலிருந்துதான் வருகிறது. இதற்கு இன்னும் சரியான வழி எனக்குத் தெரியவில்லை.

நான் அந்தத் தங்கையிடம் உதவியாக நினைத்துக்கொண்டு ஒன்று சொன்னேன். "காற்றை அணைச்சு வச்சிக்கோங்கம்மா, தானாவே எறக்குற வசதியும் இருக்கு, சுலபமா முடிஞ்சிரும்" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணே, எனக்கு நேரம்தான் இல்ல. ஓட்டத் தெரியாதுன்னு யார் சொன்னா?" என்றார். வாய் அடைத்துப் போனேன். இந்த விளையாட்டுகளைச் செய்கிறவர்களில் பலர் செய்கிற தவறும் இதுதான். நேரம் குறைந்தவர் என்றால் உடனே 'எளிது' என்ற பொத்தானைக் காட்டுகிறார்கள். சுருக்குவது வேறு, எளிதாக்குவது வேறு. காற்று அடிக்கட்டும், மழை பெய்யட்டும், ஓடுபாதை நனைந்திருக்கட்டும். பறப்பு மட்டும் நாற்பது நிமிடத்தில் முடியட்டும். சென்னைக்குப் பெரிய விமானத்தில் போக ஆசையா? நடுவில் ஒன்றும் நடக்காத நேரத்தை நான்கு மடங்கு, எட்டு மடங்கு வேகத்தில் ஓட்டிவிட்டு, கிளம்புவதையும் இறங்குவதையும் முழுசாகச் செய்யட்டும். தனியாகப் பறக்கையில் அந்த வசதி இருக்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்தினால் 'உண்மையான விமானி இல்லை' என்று சொல்ல ஒரு கூட்டம் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தவன்தான்.

இந்த வருஷம் ஆனி கடைசியில் ஒரு சனிக்கிழமை. வாகைகுளத்தில் நல்ல மேல்காற்று, சிமுலேட்டர் அந்த நேரத்து உண்மை வானிலையை எடுத்துப் போட்டிருந்தது. மலையடியில் விமானம் முறத்தில் போட்ட நெல் மாதிரி குதித்தது. எங்களில் மூன்று பேர் பாபநாசத்துக்கு முன்னாலேயே திரும்பிவிட்டோம், நானும் ஒருவன். கேப்டன் போனான். அவன் ஊருக்கு மேலே, அவன் கடைத் தெருவுக்கு மேலே, ஆற்றங்கரையோடு போய் வளைந்து திரும்பி வந்தான். இறங்கியது தெரியவே இல்லை, அவ்வளவு மெத்தென்று. எல்லோரும் கைதட்டினோம். அவன், "சரி வே, அம்மாக்கு மருந்து குடுக்கணும்" என்று சொல்லி வைத்துவிட்டான். மணி ஒன்பது ஐம்பத்தெட்டு.

அந்த 90 நாள் கணக்கில் முதலிடம் அவனுக்கு. இரண்டாமிடம் தங்கைக்கு. நான் ஐந்தாவது. மணி நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் நான்தான் முதல். யாரும் கூட்டிப் பார்க்கவில்லை, நான் மட்டும் தனியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டேன்.

இன்னும் சொல்ல இருக்கிறது. ஆனால் நாலாவது வரிசையில், ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருப்பவர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். அவருக்குப் புது பஸ் ஸ்டாண்டு போய் அம்பை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். குரூப் போட்டோ எடுக்கிறவர் தயவுசெய்து இப்போதே வந்துவிட்டால், அவரும் படத்தில் இருப்பார்.